கூட்டைச் சுத்தம் செய்த தேன்சிட்டு

கறிவேப்பிலை மரத்தின் தாழ்ந்த கிளையில் தவிட்டி என்ற பெண் தேன்சிட்டு ஒரு கூடு கட்டியிருந்தாள். பார்த்தால் கூடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ந்த இலை, தேங்காய் நார், மரப்பட்டைத் துணுக்கு, புழுக்களின் எச்சம், மிட்டாய்த் தாளின் கிழிசல் எல்லாம் ஒட்டடையில் சுற்றிக் கிடந்தன. அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் குப்பை வால் போலத் தொங்கியது. வாசலுக்கு மேல் ஒரு சருகு கவிந்திருந்தது. காற்று கொண்டுவந்த அழுக்கு ஏதோ சிலந்தி வலையில் மாட்டிக்கொண்டது போல இருக்கும்.

அந்த அழுக்குக்குள் இரண்டு குஞ்சுகள் இருந்தன. இன்னும் கண் திறக்கவில்லை.

தவிட்டியின் கணவன் நீலமணிக்கு அந்தக் கூட்டைப் பார்த்தாலே பிடிக்காது. அவன் பார்க்க அழகன். நிழலில் கறுப்பாக இருப்பான். வெயில் பட்டால் கழுத்தில் ஊதா ஓடும், நீலம் ஓடும், தலையைத் திருப்பினால் பச்சை ஓடும்.

"வீடு கட்டச் சொன்னா குப்பைத்தொட்டி கட்டி வச்சிருக்கே. வர்றவங்க போறவங்க என்ன நினைப்பாங்க?" என்பான்.

"யாரும் வர வேண்டாம்னுதான் கட்டினேன்," என்பாள் தவிட்டி.

அதற்கு மேல் அவள் பேசுவதில்லை. போன பருவத்தில், நீலமணியோடு சேர்வதற்கு முன், அவள் முருங்கை மரத்தில் ஒரு கூடு கட்டினாள். அது அழகான கூடு. ஒரு நாள் இரையோடு திரும்பி வந்தபோது அதன் வயிறு கிழிந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ளிருந்து 'ஊப், ஊப், ஊப்' என்று ஒரு குரல் கேட்டது. சாப்பிட்டு முடித்த குரல்.

அது செம்போத்து. காக்கை அளவு உடம்பு, செம்மண் நிறச் சிறகு, சிவந்த கண். செம்போத்து அதிகம் பறப்பதில்லை. நடக்கும். மதில் மேலும் வேலி மேலும் கிளை மேலும் ஒவ்வோர் அடியாக வைத்து நடக்கும். பறந்து வருகிறவனின் சிறகுச் சத்தம் முன்னால் வந்துவிடும். நடந்து வருகிறவளுக்குச் சத்தம் இல்லை.

அந்தக் குரல் எங்கே கேட்டாலும் தவிட்டி இலைகளுக்குள் பதுங்கிக்கொள்வாள்.

இந்தப் பருவத்தில் செம்போத்து கறிவேப்பிலை மரத்தடியில் நான்கு தரம் நடந்துபோய்விட்டது. ஒரு தரம் கூட்டின் வால் அதன் முதுகில் உரசியது. அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கண் வந்தது.

வீட்டுக்காரர் பெயர் பால்துரை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார், கல் எறிய மாட்டார். முதலில் முன்வாசல் வேலியில் கொண்டைக்குருவியின் கூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஒரு நாள் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்கு வந்தார். முன்னால் மூன்று கால் நிலை ஒன்றை நட்டார். அதன் மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழல். குழலின் நுனியில் ஒரு கண்.

அந்தக் கண் இமைக்கவில்லை.

தவிட்டி அதுவரை பார்த்த எல்லாக் கண்களும் இமைத்தன. பூனையின் கண்கூட இமைக்கும். இது மெல்லத் திரும்பி, தேடி, அவளுடைய கூட்டின் மேல் வந்து நின்றது. பிறகு அசையவில்லை. 'க்ளிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அவள் செம்பருத்திக்குள் போய் ஒடுங்கிக்கொண்டாள். மதிலில் ஓடிக்கொண்டிருந்த அணில் வரியன் நின்று பார்த்தான். அந்தத் தோட்டத்தில் யார் என்ன சாப்பிட்டார்கள், யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"ஏன் தங்கச்சி இப்படி நடுங்குறே? அது படம் புடிக்கிற பெட்டி. கடிக்காது."

"எதுக்கு அண்ணே என் வீட்டையே பார்க்குது?"

"பார்த்தா என்ன? பார்க்கிறதுக்குத்தானே கண்ணு?"

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி மட்டும் இரண்டு அடி முன்னால் வந்திருந்தது. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் தவிட்டிக்குப் பயம் கூடியது. ஒவ்வொரு தரமும் சிலந்தியை வாயில் வைத்துக்கொண்டு, மூன்று செடி சுற்றி, நான்காவது வழியாகக் கூட்டுக்குப் போனாள்.

நீலமணி நேர்வழியாகப் போனான்.

அவனுக்கு அந்தக் கண்ணைப் பிடித்துப் போயிற்று. தலையைத் திருப்பினால் 'க்ளிக்'. சிறகை விரித்தால் 'க்ளிக், க்ளிக்'. எந்தப் பக்கம் வெயில் பட்டால் சத்தம் அதிகம் வருகிறது என்று கற்றுக்கொண்டான். இரையை உடனே குஞ்சுக்குக் கொடுக்காமல் வாயில் வைத்தபடி ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்து நிற்கப் பழகினான்.

"குஞ்சு பசியில இருக்கு," என்றாள் தவிட்டி.

"ஒரு நிமிஷத்துல என்ன ஆயிரும்? என்னைப் பார்க்க ஒரு ஆளு வேலை வெட்டி எல்லாம் விட்டுட்டு உட்கார்ந்திருக்கான். உன்னைப் பார்க்கவா வந்திருக்கான்?"

மூன்றாம் நாள் சாயங்காலம் பால்துரையின் மனைவி லில்லி ஈரத்துணி வாளியோடு பின்வாசலுக்கு வந்தாள்.

"நில்லு, நில்லு. கொடிக்கிட்ட வராதே. பறந்திடும்," என்றார் பால்துரை.

"மூணு நாளா ஈரத்துணியை மாடிக்குச் சுமக்கிறேன். முட்டி போச்சு. உங்க சிட்டுக்குருவி எனக்கு வந்து துவைச்சுத் தருமா?"

"சிட்டுக்குருவி இல்லம்மா, தேன்சிட்டு. இங்க வா, பாரு."

லில்லி வாளியை வைத்துவிட்டு, கேமராவின் பின்பக்கச் சின்னத்திரையைக் குனிந்து பார்த்தாள். நீலமணி பக்கத்துச் செம்பருத்தியில் இருந்தான். அவன் காது முழுக்க அங்கேதான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் லில்லி. "ராஜா மாதிரி நிக்குது. பக்கத்துல என்ன அது, ஒட்டடையும் குப்பையுமா?"

"அதுதான் கூடு. அந்தக் குப்பைதான் படத்தைக் கெடுக்குது. அது மட்டும் இல்லேன்னா போட்டிக்கே அனுப்பலாம்."

நீலமணி இருட்டும் வரை கூட்டின் அடியில் தொங்கிய வாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் தவிட்டி வாழைத்தோட்டத்துப் பக்கம் சிலந்தி தேடப் போனாள். திரும்பி வந்தபோது கறிவேப்பிலைக் கிளையில் அவளுடைய கூட்டைக் காணவில்லை.

அவள் ஒரு சுற்று பறந்தாள். மறுபடி வந்து பார்த்தாள். அவளுடைய கிளையில் புதிதாக ஒரு கூடு தொங்கியது. வெளிர் நிறம், உருண்டை, சுத்தம். தொங்குகிற வால் இல்லை. வாசல் மேல் கவிந்த சருகு இல்லை. இருபது அடி தள்ளியிருந்தும் வாசலின் கருவட்டம் தெரிந்தது. மரத்தடியில் சருகும் நாரும் மிட்டாய்த் தாளும் சிதறிக் கிடந்தன.

"எப்படி இருக்கு?" என்றான் நீலமணி. அவன் அலகில் இன்னும் ஒரு நூல் ஒட்டடை இருந்தது. "இப்பதான் குடும்பம் குடியிருக்கிற இடம் மாதிரி இருக்கு."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நாற்காலி வந்துவிட்டது.

பால்துரைக்கு நம்ப முடியவில்லை. "லில்லி, கூட்டை அதுங்களே சுத்தம் பண்ணிருச்சு!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். கூட்டின் முன்னால் ஒரு செம்பருத்திக் கிளை படர்ந்து நிழல் தந்துகொண்டிருந்தது. அதை ஒடிக்க அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர். ஒரு சணல் கயிறு கொண்டுவந்து கிளையை வளைத்துத் தண்ணீர்க் குழாயோடு கட்டினார். கட்டிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"இப்ப வெளிச்சம் சரியில்லை. நாலு மணிக்கு வெயில் நேரா கூட்டு வாசல்ல விழும். அப்ப எடுத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் கேமராவைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். மூன்று கால் நிலையும் நாற்காலியும் அங்கேயே நின்றன.

தவிட்டி முதல் வேலையாகக் குப்பையைத் திரும்பப் பொறுக்கக் கீழே இறங்கினாள். ஒரு சருகை எடுத்தாள். அப்போது மதில் மேல் ஏதோ அசைந்தது.

செம்போத்து உட்கார்ந்திருந்தது.

எப்போது வந்தது என்று தெரியவில்லை. அது இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கறிவேப்பிலையின் அடர்ந்த பக்கம்தான் தெரியும். மதிலில் இன்னும் நான்கு அடி இந்தப் பக்கம் நடந்தால் கூடு கண்ணுக்கு நேரே இருக்கும்.

தவிட்டி வாயிலிருந்த சருகைக் கீழே போட்டாள். பக்கத்து இட்லிப்பூச் செடியில் போய் உட்கார்ந்து, தேன் குடிப்பது போல அலகை நுழைத்தாள்.

"சௌக்கியமா இருக்கியா?" என்றது செம்போத்து. நிதானமான, அடித்தொண்டைக் குரல். "போன வருஷம் முருங்கையில இருந்தியே, நீதானே?"

"இருக்கேன் அக்கா."

"இந்த வருஷம் குஞ்சு குட்டி உண்டா?"

"இல்ல அக்கா."

"பாவம்." செம்போத்து ஒரு காலைத் தூக்கி அலகைச் சொறிந்துகொண்டது. "எனக்கும் வயசாகுது. இலை நெருக்கத்துல ஒண்ணும் கண்ணுக்குப் படமாட்டேங்குது. முன்னெல்லாம் ஒரு கூடு கண்டுபிடிக்க நாள் பூரா அலைவேன். இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. இந்த வீட்டுல ஒரு நல்ல மனுஷன் இருக்கான். அவன் ஒரு கண்ணு வச்சிருக்கான். அது எங்க பார்க்குதோ அங்க கூடு இருக்கும்."

தவிட்டியின் அலகு பூவுக்குள் அப்படியே நின்றது.

"முன்வாசல்ல ஒரு கொண்டைக்குருவி இருந்துச்சு," என்றது செம்போத்து. "அஞ்சு நாள் அவன் அதைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஆறாம் நாள் போனேன். மூணு குஞ்சு. நல்ல சதைப்பிடிப்பு. இப்ப அவன் பின்பக்கம் வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். இந்த முக்காலியில எப்ப கண்ணைக் கொண்டு வந்து மாட்டுவான், உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அக்கா."

"பரவாயில்ல. எனக்கு அவசரம் இல்ல. நான் இங்கேயே இருக்கேன். நீ உன் வேலையைப் பாரு. எங்காவது போகணும்னா போ."

தவிட்டிக்கு அப்போது விளங்கியது. செம்போத்து இதையெல்லாம் சும்மா சொல்லவில்லை. பயந்த தாய் நேரே கூட்டுக்குத்தான் பறப்பாள். அதைப் பார்க்கத்தான் அது சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது.

அவள் பறக்கவில்லை. காலியான பூவிலிருந்து இன்னொரு காலியான பூவுக்குப் போனாள். உடம்பு முழுவதும் கூட்டின் பக்கம் இழுத்தது. தலையைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை.

வெயில் ஏறியது. நிழல் தரும் கிளையைக் கட்டிவைத்துவிட்டதால் வெயில் நேராகக் கூட்டின் மேல் இறங்கியது. அவள் பார்க்காமலேயே அதை உணர்ந்தாள். கால் நாழிகைக்கு ஒரு தரம் இரை கேட்கும் குஞ்சுகள் அவை. முதலில் இரண்டு குரல் மெல்லக் கேட்டன. செம்போத்து தலையைச் சாய்த்தது. தவிட்டி உடனே கத்திப் பாடத் தொடங்கினாள், சும்மா, தொண்டை வறள வறள. குரல்கள் அடங்கின. அடங்கியது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலையிலேயே வாழைத்தோட்டம் தாண்டி இரை தேடப் போயிருந்த நீலமணி உச்சி வேளையில்தான் வந்தான். அலகில் பச்சைப்புழு. கூட்டை நோக்கி நேராகப் பறந்தான்.

தவிட்டி குறுக்கே பாய்ந்து அவன் நெஞ்சில் மோதினாள். இருவரும் உருண்டு, குளியலறைச் சுவரின் பின்பக்கம் விழுந்தார்கள்.

"பைத்தியமா உனக்கு?"

"மெல்லப் பேசு. மதில் மேல யார் இருக்கான்னு பாரு."

நீலமணி எட்டிப் பார்த்தான். அவன் கழுத்து இறகு எல்லாம் படிந்து, பாதி அளவுக்குச் சுருங்கிப்போனான்.

தவிட்டி செம்போத்து சொன்னதைச் சொன்னாள். முருங்கை மரத்தில் நடந்ததையும் முதல் தரமாகச் சொன்னாள்.

"நான் தொங்கவிட்டது குப்பை இல்ல," என்றாள். "கதவு. நீ அதைப் பிச்சுப் போட்டுட்டே."

நீலமணி வெயில் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தான். பிறகு, "அந்த ஆளு நாலு மணிக்கு வர்றேன்னான்," என்றான்.

"வந்தா கண்ணை மாட்டுவான். மாட்டினா அது நம்ம கூட்டைப் பார்க்கும். இது நாலு அடி நடக்கும். அவ்வளவுதான்."

சுவரின் பின்பக்கம் ஒரு பீர்க்கங்கொடி ஏறியிருந்தது. அதில் விதைக்கென்று லில்லி விட்டுவைத்த ஒரே ஒரு காய் முற்றிக் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தோல் உரிந்து, உள்ளே நார் வலை வலையாகத் தெரிந்தது. அடியில் ஒரு ஓட்டை. தவிட்டி அதையே பார்த்தாள்.

"அந்த ஆளு எதைப் பார்ப்பான்?" என்று கேட்டாள்.

"என்னைத்தான்," என்றான் நீலமணி. அதைச் சொல்லும்போது அவன் குரலில் முதல் தரமாகப் பெருமை இல்லை.

"அப்ப நீ எங்க நிக்கிறியோ அங்க அவன் திரும்புவான். அவன் எங்க திரும்புறானோ அங்க அது போகும்."

வரியன் சுவர் இடுக்கிலிருந்து தலையை நீட்டினான். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"அந்தச் சணல் கயிறு?" என்றான்.

"அண்ணே, உங்களுக்குத்தான் பல்லு இருக்கு."

"எனக்கும் புள்ளைங்க இருக்கு தங்கச்சி. அது என் புள்ளைங்களையும் தின்னும். அது முழிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நான் அந்தக் குழாய்கிட்ட போக மாட்டேன்." அவன் வால் விறைத்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆளு வரட்டும். அது அவனைப் பார்க்கும். அந்த நேரத்துல ஓடுறேன்," என்றான்.

நான்கு மணி வரை காத்திருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் அவ்வளவு நீளமான மத்தியானம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பின்கதவு திறந்தது. பால்துரை குழலை ஏந்திக்கொண்டு வந்தார். செம்போத்து கழுத்தை நீட்டியது. வரியன் சுவரிலிருந்து இறங்கி ஓடினான்.

பால்துரை கண்ணை நிலையில் மாட்டினார். ஒரு திருகைத் தளர்த்தினார். கண் திரும்பத் தொடங்கியது. செம்பருத்தியைத் தாண்டியது. இட்லிப்பூவைத் தாண்டியது. அதன் கூடவே செம்போத்தின் தலையும் திரும்பியது. செம்போத்து மதிலில் ஓர் அடி வைத்தது. இரண்டாம் அடி வைத்தது.

கயிறு அறுந்தது. வளைந்திருந்த கிளை 'விசுக்' என்று நிமிர்ந்து கூட்டின் முன்னால் வந்து நின்றது.

"அட," என்றார் பால்துரை. கிளையின் பக்கம் நடக்கப் போனார்.

அப்போது பீர்க்கங்கொடியிலிருந்து நீலமணி பாடினான். அவன் அப்படிப் பாடி யாரும் கேட்டதில்லை. வெயில் முழுவதும் கழுத்தில் விழும்படி நின்றான். ஊதாவும் நீலமும் பச்சையும் ஓடின. அலகில் பச்சைப்புழு. காய்ந்த பீர்க்கங்காயின் அடியில் தொற்றிக்கொண்டு, ஓட்டைக்குள் தலையை விட்டான். வெளியே எடுத்தான். மறுபடி விட்டான்.

பால்துரை நின்று, சுவர் மூலையில் எட்டிப் பார்த்தார். "இங்க இன்னொரு கூடா?" என்று முணுமுணுத்தார். நிலையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் வந்தார். கண் பீர்க்கங்காயின் மேல் நின்றது. 'க்ளிக், க்ளிக், க்ளிக்.'

செம்போத்து மூன்றாம் அடியைத் தூக்கியிருந்தது. அதை வைக்கவில்லை. திரும்பியது. மதிலோடு சுற்றி, சுவர்ப்பக்கம் நடந்தது.

நீலமணி அது வருவதைப் பார்த்தான். பறந்துவிட வேண்டும் என்று சிறகு துடித்தது. பறந்தால் கண் வேறு பக்கம் திரும்பிவிடும். அவன் மறுபடி ஓட்டைக்குள் தலையை விட்டான். வெளியே எடுத்தபோது சிவந்த கண் ஒரு முழம் தள்ளி இருந்தது. வால் இறகு இரண்டை அதன் அலகில் விட்டுவிட்டு மேலே எழும்பினான்.

செம்போத்து அவனைத் துரத்தவில்லை. அதற்கு வேண்டியது உள்ளே இருந்தது. அலகை ஓங்கிப் பீர்க்கங்காயின் வயிற்றில் குத்தியது.

நார் அலகைப் பிடித்துக்கொண்டது. இழுத்தது, வரவில்லை. காலால் உதைத்தது. நகம் நாரில் மாட்டியது. காய்க்குள் விதைகள் கலகலவென்று ஆடின. கொடி முழுவதும் குலுங்கியது. செம்போத்தின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் 'ஊப்' என்று இல்லை.

லில்லி ஓடி வந்து துணி உலர்த்தும் கழியால் தட்டினாள். காய் காம்போடு அறுந்து விழுந்தது. செம்போத்து உதறிக்கொண்டு, முகத்தில் பாதி நாரோடு, மதில் தாண்டி விழுந்து ஓடியது.

"பொய்க் கண்ணு," என்று அது புதருக்குள் சொல்லிக்கொண்டே போனது. "அந்த ஆளு வச்சிருக்கிறது பொய்க் கண்ணு."

லில்லி காயைப் புரட்டிப் பார்த்தாள். "விதைதான் இருக்கு. நல்ல வேளை. நிஜமாவே கூடா இருந்திருந்தா?"

பால்துரை கடைசியாக எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் செம்போத்தின் அலகு நன்றாக விழுந்திருந்தது. வெளிச்சம் சரியாக இருந்தது.

"முன்வாசல் கூடும் இப்படித்தான் போச்சோ?" என்றார்.

"நீங்க எங்க உட்கார்ந்தீங்களோ அங்கதானே அது வந்திருக்கு."

அவர் கண்ணைக் கழற்றினார். அதன் மூடியை எங்கே வைத்தோம் என்று சட்டைப்பையில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு நிலையையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

தவிட்டி கூட்டுக்குப் பறந்தாள். இந்தத் தரம் மூன்று செடி சுற்றவில்லை. அலகில் ஒரு சிலந்தி இருந்தது. எங்கே பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கூடு சுட்டது. உள்ளே தலையை விட்டாள். பெரிய குஞ்சு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் திறந்தது. சின்னது திறக்கவில்லை.

அவள் பெரியதற்குச் சிலந்தியைக் கொடுத்தாள். சின்னதை அலகால் தொட்டாள். இன்னொரு தரம் தொட்டாள்.

நீலமணி பக்கத்துக் கிளையில் வந்து இறங்கினான். வால் குட்டையாக இருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

"தப்பிச்சுட்டோம்," என்றான். அவளுடைய முதுகைப் பார்த்தான். "என்ன?"

தவிட்டி விலகி வழி விட்டாள். அவன் உள்ளே பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

"செம்போத்து இந்தப் பக்கமே வரலையே," என்றான்.

"வரலை," என்றாள் தவிட்டி. "வெயில் வந்துச்சு. பசி வந்துச்சு. என்னாலதான் வர முடியலை."

அவன் கீழே இறங்கினான். மரத்தடியில் கிடந்த மிட்டாய்த் தாளை எடுத்தான். கொண்டுவந்து கூட்டின் அடியில் ஒட்டினான். அவனுக்குப் பழக்கமில்லை, விழுந்தது. மறுபடி எடுத்தான். சருகு, நார், பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம். இருட்டும் வரை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். தவிட்டி ஒட்டடையால் கட்டினாள்.

எட்டு நாள் கழித்து அந்தக் குப்பையின் நடுவிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. காலை நேரம், நல்ல வெயில். நீலமணி வெயிலில் நிற்காமல் செம்பருத்தியின் இலைகளுக்குள் நின்று மெல்லக் கூப்பிட்டான். குஞ்சு தடுமாறிப் பறந்து அவன் பக்கத்தில் போய் விழுந்தது. தவிட்டி மட்டும் கிளையிலேயே நின்று, இன்னொன்று வருமா என்பது போல வாசலை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளும் இலைகளுக்குள் போனாள்.

புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டுத் தன்னை மறைத்துக் காப்பதைத் தானே பிய்த்தெறிகிறவன் வீட்டுக்கு, புகழ்கிறவனின் கண் வழியாகவே ஆபத்து வந்து சேரும். அதை விரட்டிவிட்டாலும் அது விலை வாங்காமல் போகாது.